ஆறு கொண்டுவரும் மண்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காவிரித் தண்ணீரல்ல. அத்தண்ணீரில் கலந்து வருகிற மண்ணாகும். ஆடிப் பதினெட்டில் புதுவெள்ளத்துக்கு மஞ்சளும் பூவும் இட்டுக் கும்பிடுகிறார்கள். ஆனால் புதுவெள்ளம் ஏன் கலங்கி வருகிறது, அக்கலங்கல் எங்கே போய்த் தெளிகிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டிருந்தால், தஞ்சைப் பூமி எப்படி உண்டாயிற்று என்பதற்கு வேறு கதையே வேண்டியிருக்காது.

அரிசி அரிப்பதைப் பாருங்கள். சட்டியை ஆட்டினால் அரிசி தண்ணீரோடு எழும்பிப் போகிறது. கல் கனத்தால் அடியில் தங்கிவிடுகிறது. ஆறும் இதையேதான் செய்கிறது. மலையிலும் மேட்டிலும் மழை அரித்த மண்ணைத் தண்ணீர் தன் வேகத்தினால் தூக்கி வருகிறது. நிலம் சமமாகச் சமமாக வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறையச் சுமை இறங்குகிறது. முதலில் கல், பிறகு மணல், பிறகு வண்டல். களிமண்ணோ மிக நுண்ணிய தூளானதினால் கடைசிவரை மிதந்து போய், கடலின் உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மூழ்குகிறது. தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் திரண்டு இறங்குகிறதல்லவா, அதுபோல.

இப்படி இறங்கிய மணலால் ஆற்றின் அடி உயருகிறது. உயர்ந்ததும் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பள்ளமான பக்கம் புதுவழி தேடுகிறது. கடலோரச் சமவெளியில் ஓர் ஆறு பல ஆறாகப் பிரிவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

முக்கொம்பில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. காவிரிக் கிளையில் மணல் சேர்ந்து மேடிட்டது. கொள்ளிடமோ தாழ்வானது, சரிவும் அதிகம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? கொள்ளிடம் பக்கமே போயிற்று. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் என்கிற இஞ்சினீயர் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டித்தான் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார்.

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அணையே கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் தேங்கிய தண்ணீருக்கு வேகமேது? வேகமில்லாத இடத்தில் மண் இறங்கத்தானே செய்யும்? வயலுக்கும் கடலோரத்துக்கும் வரவேண்டிய வண்டல் அணைக்குள்ளே படிந்து, தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்ளுகிறது.

எகிப்து தேசத்திலும் இதுவே நடந்தது. நைல் நதியில் 1970இல் அஸ்வான் பேரணை முடிந்தது. வருஷந்தோறும் வயலில் படிந்துவந்த வண்டல் நின்றுபோய், உழவர்கள் ரசாயன உரத்தை நம்பவேண்டியதாயிற்று. ரொசெட்டா முகத்துவாரத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வந்தது.

வண்டல் பூமி தன் பாரத்தினாலேயே அமுங்கக்கூடியது. புது வண்டல் வந்து விழுந்தவரை அக்குறை நிரம்பிற்று. இப்பொழுது வரவு சுருங்கிவிட்டது, செலவு நிற்கவில்லை. போதாக்குறைக்குக் கடல் மட்டம் உயருகிறது. கொள்ளிடத்தில் இருக்கும் மணலையும் லாரி லாரியாக அள்ளியிருக்கிறார்கள். ஆற்றின் அடி தாழ்ந்தால் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும், கிணற்றிலும் இறங்கும். அப்புறம் அந்த வயலில் என்ன விளையும்?

ஆகவே தோழர்களே! ஒரே மண்தான் வயலில் தங்கினால் எரு, மதகில் தங்கினால் அடைப்பு, அணையில் தங்கினால் நஷ்டம், கடலோரத்தில் தங்கினால் காவல். எத்தனை டி.எம்.சி. தண்ணீர் வந்தது என்று கேட்கிற நாம், எவ்வளவு மண் வந்தது, எவ்வளவு அணையில் நின்றது, எவ்வளவு லாரியில் போயிற்று என்றும் கணக்குக் கேட்கவேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உழுகிறவனுக்கும் உண்டு, சோறு தின்கிறவனுக்கும் உண்டு என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.