வயரை அசைத்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது!



தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழ், பிறந்தநாள் அலங்காரம், கோல ஸ்டிக்கர் செய்து விற்கும் ஒரு குடும்ப மாதுவை எண்ணிப் பாருங்கள். மேசைமேல் ஒரு சிறிய வெட்டும் இயந்திரம் இருக்கிறது. கணினியில் வரைந்த படத்தை அட்டையிலும் ஸ்டிக்கர் தாளிலும் அது வெட்டித் தருகிறது. பாதி வேலையில் விளக்கு அணைந்துவிடுகிறது. பின்புறம் செருகியிருக்கும் வயரைக் கொஞ்சம் அசைத்தால் எரிகிறது. கையை எடுத்தால் மறுபடியும் அணைகிறது. தாள் வீண், நேரமும் வீண். கடையில் விசாரித்தால், "பழுது பார்க்கிற காசுக்குப் புதுசாவே வாங்கிடலாம்மா" என்று பதில் வருகிறது.

அவசரப்பட வேண்டாம். வயரை அசைத்தால் எரிகிறது என்பதே பாதி விடை. மோட்டார் எரிந்திருந்தால் அசைப்பதால் அதற்கு உயிர் வந்துவிடாது. எங்கோ ஓர் இணைப்பு விட்டு விட்டுத் தொடுகிறது. அது அடாப்டரின் வயரிலும் இருக்கலாம், இயந்திரத்தின் சாக்கெட்டிலும் இருக்கலாம்.

முதலில் அடாப்டரைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நடுத்துளைக்குள்ளும், மற்றதை வெளி உலோகத்திலும் தொட வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது. அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு ஏறக்குறைய வந்து, வயரை வளைத்தாலும் மாறாமல் நின்றால், அடாப்டர்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. அளவு குதித்தால் அடாப்டரையே மாற்றிவிடலாம். புதியதில் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனை பாசிட்டிவ்வா நெகட்டிவ்வா என்று காட்டும் சிறு படமும் ஒத்துப்போக வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்!

அடாப்டர் நன்றாக இருந்தால், குறை சாக்கெட்டில். சாக்கெட்டின் கால்கள் மின்பலகையில் ஈயப் பற்றினால் ஒட்டப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தை இடம் மாற்றும்போது பிளக்கைக் கழற்றாமல் இழுப்பதும், சுவரோரம் தள்ளி வயரை மடக்குவதும் நாளுக்கு நாள் அந்தப் பற்றைத் தளரச் செய்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல் தெரியும். தளர்ந்த இணைப்பில் சிறு பொறி பறக்கும், அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். வாடை வந்தபின் "இந்த ஓர் ஆர்டரை மட்டும் முடித்துவிடுவோம்" என்று வயருக்கு முட்டுக்கொடுத்து ஓட்டுவதுதான் ஆபத்து. பத்து ரிங்கிட் கூட ஆகாத சாக்கெட் போவது பெரிதல்ல, பலகையே கருகிவிடும்.

திறப்பதற்கு முன் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. முடிந்திருந்தால், சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறக்கலாம். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. பற்று மட்டும் விரிசலென்றால், ஃபிளக்ஸ் தடவி, 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடான பற்றுக்கோலை ஓரிரு நொடி வைத்துப் புதுப் பற்று கொடுத்தால் போதும்.

சாக்கெட்டே உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். இதில் பொறுமை வேண்டும். பெரும்பாலான சாக்கெட்டுகளுக்கு மூன்று கால்கள். மூன்றிலும் பழைய பற்றை உறிஞ்சி எடுக்காமல் பிடித்து இழுத்தால், பலகையிலுள்ள செம்புத் தகடும் உரிந்து வந்துவிடும். அப்புறம் சிறு வயர் வைத்துப் பாலம் போட வேண்டியதாகும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் பிளக்கிற்கான சாக்கெட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நடு ஊசி ஒன்றில் 2.1, மற்றொன்றில் 2.5 மில்லிமீட்டர். 2.5க்கான பிளக்கை 2.1 ஊசியில் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய தொல்லை புதிய சாக்கெட்டிலும் தொடரும். ஆகவே பழையதைக் கையோடு எடுத்துச் சென்று அளந்து வாங்க வேண்டும்.

மாற்றிய பிறகு உடனே மின்சாரம் கொடுக்கக் கூடாது. பாசிட்டிவ்வும் நெகட்டிவ்வும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு கணம் சத்தம் கேட்டு நின்றுவிட்டால் பயமில்லை, உள்ளேயுள்ள மின்தேக்கி நிறைகிறது என்று பொருள். விடாமல் சத்தம் வந்தால் எங்கோ பற்று வழிந்திருக்கிறது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பற்றில் ஈயம் இருக்கலாம்.

இவ்வளவும் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் இயந்திரத்துக்கு மட்டும். பல வீட்டுத் தையல் இயந்திரங்களில் அடாப்டர் கிடையாது. சுவரிலிருந்து 230 வோல்ட் நேராக இயந்திரத்தின் பக்கவாட்டுச் சாக்கெட்டுக்கு வருகிறது, மிதிக்கும் பெடலும் அதோடு சேர்கிறது. அதில் கைவைப்பது உயிரோடு விளையாடுவது. மூன்று முனைப் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அதனுள் இருக்கும் ஃபியூஸைப் பார்ப்பதோடு வீட்டார் நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றதைத் தகுதி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விடலாம். அடாப்டரையும் பிரிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் நாடுவதில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று வாங்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவித்திருந்தால் அது வேறு. மற்றபடி, "பாகம் இல்லை, புதுசு வாங்குங்க" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. அந்த ரசீது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள்.