நாற்சார் வீட்டின் நடுமுற்றம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)





"வீடும் குடும்பமும்" என்ற பொருள் பற்றி இளைஞர் ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தோம். வீடு கட்டியவர்கள் பேசவேண்டிய பொருள் இது. நாமோ இன்னும் ஒரு கோழிக்கூடுதானும் கட்டியறியோம். ஆயினும், பழுதடைந்த ஒரு வீட்டைக் குடும்பத்தோடு சேர்ந்து புதுக்கிய பணியிலே ஓடு கழுவியும் சாந்து குழைத்தும் கை புண்பட்ட அனுபவம் எமக்கு உண்டு. அதனையே உங்கள்முன் வைக்க வந்துள்ளோம். இதிலே படித்தது சிறிது, பட்டது பெரிது.

சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள எமது வீடு ஒரு நாற்சார் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். நான்கு புறத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் முற்றத்திலே வந்து விழும். விழுந்த நீர் வடகிழக்கு மூலையிலுள்ள தூம்பு வழியே வெளியேறி வாழைக்குப் பாயும். நெல் காய்வதும், பிள்ளை தவழ்வதும், முதியோர் நிலவிலே கதைபேசி இருப்பதும் அம்முற்றத்திலேதான். மலாயாவிலே புகையிரதப் பகுதியில் இலிகிதராக உழைத்து மீண்ட எம் பூட்டனார் 1938 ஆம் ஆண்டிலே இதனைக் கட்டினார். சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுவருக்கு. பனை வளையும் பனஞ்சிலாகையும் கூரைக்கு. மேலே கள்ளிக்கோட்டை ஓடு. கதவுகளோ பர்மாத் தேக்கு. அக்கதவுகளைப் பற்றிப் பின்னர் சொல்லவேண்டியுள்ளது.

அம்மம்மா இவ்வீட்டைத் தம் பெண்மக்கள் இருவருக்கும் நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்தார். தென்பாதி பெரியம்மாவுக்கு, வடபாதி எம் அன்னையாருக்கு. முற்றமும் கிணறும் பொது. தம் சீவிய உரித்தை மாத்திரம் அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார். தேசவழமை வழங்கும் எமது நாட்டிலே பங்கு பிரிப்பது புதுமையன்று. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிலே அவ்வழமையைத் தொகுப்பித்ததற்கு நெடுங்காலம் முன்னரே எம்மவர் முதுசம் என்றும் சீதனம் என்றும் தேடியதேட்டம் என்றும் வகுத்து வாழ்ந்திருக்கின்றனர். நிலத்தையும் அறையையும் பிரிக்கலாம். மழைநீரைப் பிரிக்க முடியுமா என்பதை எமது குடும்பம் பிந்தியே கற்றுக்கொண்டது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த கதையை இங்குள்ள பெரியோர் எமக்குச் சொல்லித்தரவேண்டும். நாம் உங்களுக்குச் சொல்வது பொருந்தாது. எம் அன்னையாரும் அம்மம்மாவும் 1996 இலே வீடு திரும்பினர். பெரியம்மா குடும்பம் வன்னிக்குச் சென்றது. 2009 இலே போர் முடிந்து, முகாமிலே மாதங்கள் கழித்து, 2010 இலே இரண்டு பைகளோடு அவர்கள் திரும்பி வந்தபோது, தென்பாதியின் நிலைகள் கதவின்றி நின்றன.

"கதவுகள் எங்கே?" என்று பெரியப்பா கேட்டார்.

"தெரியாது. ஆளில்லாத நேரத்திலே போயிற்று" என்று எம் வீட்டார் சொன்னார்கள்.

ஒரே வீட்டின் மறுபாதியிலே குடியிருந்தவர்கள் சொன்ன மறுமொழி அது. யார் நம்புவர்? பேச்சு வளர்ந்தது, பின்னர் பேச்சே அற்றது. அவ்வாண்டு முடியுமுன் முற்றத்தின் குறுக்கே முழ உயரம் கல்லும் சீமெந்துமாக ஓர் அணை எழுந்தது, அதன்மேலே தகரம். இருபக்கத்தாரும் பாதிப்பாதிச் செலவு கொடுத்துக் கட்டிய சுவர் அது. அந்த ஒன்றிலே மாத்திரம் ஒற்றுமை இருந்தது!

சகோதரர்களே, தூம்பு வடகிழக்கு மூலையிலே என்று சொன்னோமல்லவா? அது எமது பக்கம். தென்பக்கத்து மழைநீர் வெளியேற வழியின்றி அணையோடு தேங்கியது. மாரி தோறும் பெரியம்மா வாளியால் அள்ளி ஊற்றுவார். தகரத்துக்கு இப்பால் அச்சத்தம் எமக்குக் கேட்கும். எமது பக்கம் காய்ந்திருந்தது. ஆகவே நாம் எழுந்து செல்லவில்லை.

தேங்கிய நீர் அத்திவாரத்திலே ஊறிச் சுவரிலே ஏறிற்று. சுவர் கரைவதைக் கண்ட பெரியப்பா 2019 இலே கடன்பட்டு அதற்குச் சீமெந்துப் பூச்சுப் பூசினார். அடுத்த மாரியிலேயே அது பலகை பலகையாக விழுந்தது. விழும்போது பழைய சாந்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. வேலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் நினைத்தார். வேலைக்காரரிலே பிழையில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் வல்லது. அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஏறிய ஈரம் வெளியேறாது; உள்ளேயே நின்று மேலும் உயரும்; உப்பும் சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். ஈரம் ஏறிய வழியே கறையானும் ஏறிற்று. கறையானுக்கு உறுதியிலே எழுதிய எல்லை தெரியாது. கிழக்குத் தாழ்வாரத்து வளை இரு பங்கின் மேலும் கிடக்கும் ஒரே பனை. தென்முனையிலே புகுந்த கறையான் வடமுனைக்கு வந்தது. 2021 ஆம் ஆண்டு மாரியிலே ஓரிரவு அவ்வளை முறிந்து ஓடுகளோடு எமது பக்கத்திலே விழுந்தது. பகலெல்லாம் அம்மம்மா படுத்திருக்கும் இடம் அது.

விடிந்ததும் அம்மம்மா இரு மக்களையும் அழைத்தார். "நான் கண் மூடுமட்டும் இந்த வீட்டிலை எனக்கு உரித்திருக்கு. அந்தத் தகரத்தை முதலிலை கழட்டுங்கோ. பிறகு ஆர் பெரிது எண்டு பாப்பம்" என்றார். எண்பதை அணுகியவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழவில்லை.

ஆயினும் காசு எங்கே? கனடாவிலுள்ள மாமா, "இடித்துவிட்டு ஒரு மாடி வீடு கட்டுங்கள், முடிந்ததைத் தருகிறேன்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதே. ஆனால் வந்தது 2022 ஆம் ஆண்டு. நாடே நெருக்கடியிலே வீழ்ந்தது. ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. பெற்றோலின்றி எம் தந்தையாரின் முச்சக்கரவண்டி நின்றது. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. மாடி வீடு கனவாயிற்று. வேலையற்ற கைகள் மாத்திரம் இரு பக்கத்திலும் மிஞ்சின.

முதல் வேலை அணையை உடைப்பது. பெரியப்பா அலவாங்கை எடுத்தார். எம் தந்தையார் மறுமுனையிலே நின்றார். ஒருவரோடொருவர் பேசாமலே உடைத்தார்கள். வேரும் சேறும் அடைத்திருந்த தூம்பை நாமும் பெரியம்மாவின் மக்களாகிய அண்ணாமார் இருவரும் இரண்டு நாள் தோண்டித் திறந்தோம். அடுத்த மழையிலே முற்றத்து நீர் முழுவதும் அதன் வழியே ஓடி வாழையடிக்குச் சென்றதைத் தாழ்வாரத்திலே எல்லோரும் நின்று பார்த்தோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அன்றைக்குத்தான் எல்லோரும் ஓரிடத்திலே நின்றோம்.

பின்னர் ஓடு. கூரையிலிருந்து இறக்கிய ஒவ்வோர் ஓட்டையும் தும்பால் உரஞ்சிக் கழுவி அம்மம்மாவிடம் கொடுத்தோம். அவர் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது; மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு. 4,000 ஓடுகளிலே ஏறக்குறைய 3,000 தேறின. எண்பத்து நான்கு ஆண்டு வெய்யிலையும் மழையையும் கண்டவை!

சுவர் வேலைக்கு ஊரிலுள்ள முதிய மேசன் ஒருவர் வழிகாட்டினார். சீமெந்து தொடக்கூடாது, சுண்ணாம்பே வேண்டும் என்றார். எமது மிஷன் பாடசாலையின் இரசாயன ஆசிரியர் சுண்ணாம்பின் சமன்பாட்டைக் கரும்பலகையிலே பலமுறை எழுதியிருக்கிறார்; நாமும் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறோம். அதன் பொருளை அன்றைக்குத்தான் கண்டோம். கல்சியம் காபனேற்றாகிய கல்லை ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திலே சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதனை நீரிலே இட்டால் அடுப்பின்றியே கொதிக்கும். அப்படி நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரிலே பூசினால், முன்னர் இழந்த காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீளப் பெற்று, மறுபடியும் கல்லாகிவிடும்.

குழியிலே முதலில் நீர், பின்னரே சுண்ணாம்பு. நீளக் கம்பினால் எட்ட நின்று கிண்டவேண்டும். மேசன் சொல்லியும் கேளாமல் கிட்டச் சென்ற சின்ன அண்ணாவின் முழங்கையிலே தெறித்துப் புண்ணாயிற்று; நல்ல காலம், கண்ணிலே படவில்லை. நீற்றியதைச் சாக்கிலே வடித்து, நீர் மூடி நிற்க ஒரு மாதம் வைத்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். குழைக்கக் கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும். மெல்லிதாகப் பூசி, வெய்யில் சுட்டு வெடிக்காதபடி நனைந்த சாக்குத் தொங்கவிட்டு, அது இறுகிய பின்னரே அடுத்த பூச்சு. அவசரம் செல்லாத வேலை. குடியிருக்கக் கூரையற்றுக் குழந்தைகளோடு நிற்பவர்களிடம் போய்ச் சுண்ணாம்பின் பெருமை பேசுவது நியாயமாகாது. சுவர் நிற்கும் வீட்டைப் பெற்றவர்களுக்கே இது பொருந்தும்.

இனிக் கதவுகள். தென்பாதி நிலைகளைச் சுத்தம் செய்த ஒரு நாள், பெரியம்மாவும் எம் அன்னையாரும் அருகருகே இருந்து உரஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாம் சாந்து சுமந்து வந்து நின்றோம். அன்னையார் தலை நிமிராமலே, "அக்கா, அந்தக் கதவுகளை நான்தான் வித்தனான்" என்றார்.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலே அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையிலே நின்றும் கிடையாத மாதங்கள் அவை. கிடைத்தபோது விலை கைக்கெட்டவில்லை. அப்பொழுது எமக்கு வயது மூன்று. பெரியம்மாவின் கதவுகள் எமக்குப் பால்மாவாயின. இதனை அன்றுவரை நாம் அறியோம்.

பெரியம்மா உரஞ்சுவதை நிறுத்தினார். "எவ்வளவுக்கு வித்தனீ?" என்று கேட்டார். அன்னையார் தொகையைச் சொன்னார். "பர்மாத் தேக்கை அந்தக் காசுக்கோ? உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்" என்றார் பெரியம்மா. சிறிது நேரம் கழித்து, "வன்னியிலை கடைசி நாளிலை நாங்களும் ஆற்றையோ வீட்டு யன்னலை எரிச்சுத்தான் கஞ்சி காய்ச்சினனாங்கள்" என்றார். பின்னர் இருவரும் மீண்டும் உரஞ்சத் தொடங்கினர். பெரியப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. மூன்று நாள் வேலைக்கும் வரவில்லை. நான்காம் நாள் வந்து, வளவிலே நின்ற வேம்பைத் தறிக்கலாம், கறையானுக்கு வேம்பு நல்லது, கதவுக்குக் காணும் என்றார். இன்று தென்பாதியிலே இருப்பவை வேப்பங்கதவுகள். தச்சுக் கூலியை எம் தந்தையார் தவணை முறையிலே கொடுத்து முடித்தார். முறிந்த வளைக்குரிய பனைக்கு அனுமதி பெறவும் வாங்கவும் மாமா அனுப்பிய பணம் உதவியது.

வீடு இன்னும் முற்றாக முடியவில்லை. மேற்குக் கூரை இன்றும் தகரமே. முற்றத்தைப் பிரித்த அதே தகரம். பெரியப்பாவுக்கும் தந்தையாருக்கும் இடையிலே இப்பொழுதும் பேச்சு அளவோடுதான். ஆனால் மழை பெய்யும்போது இருவருள் ஒருவர் எழுந்து போய்த் தூம்பிலே சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

அன்பர்களே, எமது ஆலயங்களிலே பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகம் செய்கிறோம். கல்லும் சாந்தும் பழுதுபடும், பழுதுபடுமுன் பார்க்கவேண்டும் என்ற அறிவு எம் முன்னோருக்கு இருந்தது. அதற்காக ஊர் முழுவதும் ஒன்று சேரவேண்டும் என்ற நியதியும் இருந்தது. ஆலயத்துக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்யாது பன்னிரண்டு ஆண்டுகளை நாம் தகரத்தின் இருமருங்கும் கழித்தோம். எமது வீட்டைப் பழுதாக்கியது போர் மாத்திரம் என்று சொல்லிக்கொள்வது எமக்கு எளிது. போர் பல வீடுகளைத் தரைமட்டமாக்கிற்று, உண்மை. எமது வீட்டைப் போர் விட்டுவைத்தது. அதன் பின்னர் அதனை அரித்தது நாமே கட்டிய முழ உயர அணை.

உங்களுள் பலர் வீட்டிலும் பங்குக் கிணறு இருக்கும். பூட்டிக் கிடக்கும் பங்கு வீடு இருக்கும். உரித்தாளர் ஒருவர் இலண்டனிலும் மற்றவர் அடுத்த வளவிலும் இருப்பார்கள். இந்த மாரி தொடங்குமுன் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். ஓடு விலகியிருக்கிறதா, நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அது மற்றவர் பக்கத்திலே தேங்கினால், அதனையே முதலில் திறந்துவிடுங்கள்.