பாவு இல்லாமல் ஊடை ஓடுமா?

பட்டிமன்றத் தலைப்பு: கிறிஸ்தவ வழிபாட்டு மரபைப் பெரிதும் காத்து நிற்பது பாட்டும் பழக்கமுமா? வேத போதனையா?
இடம்: ஏனாத்தூர். அணி: 'வேத போதனையே!'

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே கம்பீரமாக வீற்றிருக்கும் அருமை நண்பர்களே! காஞ்சிபுரத்துப் பட்டின் பெருமையையும், பல்கலைக்கழகத்தின் பெருமையையும் ஒருசேரத் தாங்கி நிற்கிற இந்த ஏனாத்தூர் மண்ணிலே திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னாலே உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் பேசவா செய்தார்? பாடியே உங்களை மயக்கிட்டுப் போயிட்டார். கைதட்டல் அடங்க அரை நிமிஷம் ஆச்சு. நானும் பாடலாம்தான். ஆனா நான் பாடினா, இருக்கிற கூட்டமும் பஸ் ஏறிடும்! (சிரிப்பு) அதனாலே பாடாமல் கேட்கிறேன். நடுவர் அவர்களே, அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது யார்?

இங்கே பக்கத்திலே வரதராஜப் பெருமாள் சன்னிதி இருக்கு. பிரபந்தத்தை எப்படிக் கற்றுக் கொடுப்பாங்க? 'சந்தை' சொல்றதுன்னு அதற்குப் பேர். குரு ஒரு தரம் சொல்லுவார், பிள்ளைகள் இரண்டு தரம் சொல்லும். உற்சவத்தைப் பார்க்க லட்சம் பேர் வரலாம். ஆனா நாளைக்கும் அந்த கோஷ்டி நடக்கணும்னா, யாரோ ஒருத்தர் திண்ணையிலே உட்கார்ந்து நாலு பிள்ளைக்குச் சந்தை சொல்லியாகணும். எந்தச் சமயமாக இருந்தாலும், காக்கிறது அந்தத் திண்ணைதான். கிறிஸ்தவத்திலே அந்தத் திண்ணைக்குப் பேர்தான் வேத போதனை. (கைதட்டல்)

ஒரு சரித்திரச் சேதி சொல்றேன். இந்திய மண்ணிலே, தமிழ் எழுத்திலே அச்சான முதல் புத்தகம் எது? 1578-ஆம் ஆண்டு கொல்லத்திலே அச்சானது. 16 பக்கம். போர்த்துக்கல்லிலிருந்து வந்து தமிழ் படித்த அண்டிரிக் அடிகளார் ஆக்கியது. புத்தகத்தின் போர்த்துக்கீசியத் தலைப்புக்கு 'கிறிஸ்தவ போதனை' என்று அர்த்தம். அதையே தமிழிலே சொல்லும்போது அவர் வைத்த பேர் என்ன தெரியுமா? 'தம்பிரான் வணக்கம்'! அங்கே போதனை, இங்கே வணக்கம். ரெண்டும் ஒரே புத்தகம்! அடுத்த வருஷம் 1579-லே கொச்சியிலே இன்னொரு புத்தகம் வந்தது. முழுக்க முழுக்கக் கேள்வியும் பதிலும். அதற்கும் பேர் 'கிரீசித்தியானி வணக்கம்'. கேள்வி பதிலுக்குப் போய் 'வணக்கம்'னு பேர் வைக்கிறாங்க என்றால், தெரிஞ்சு கும்பிடுவதுதான் கும்பிடுதல் என்பது அன்றைக்கே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

எதிரணி நண்பர் சொன்னார்: "கோவில் இருக்கு, திருவிழா இருக்கு, கொடியேற்றம் இருக்கு. பழக்கம் தானாக இழுத்துக்கொண்டு போகும்" என்று. சரி ஐயா. கோவிலை எடுத்துட்டா? திருவிழாவை நிறுத்திட்டா? சாமியாரையும் ஊரை விட்டு அனுப்பிட்டா? அப்போ எது இழுத்துக்கொண்டு போகும்? நான் கற்பனை பண்ணலை. நடந்திருக்கு. நம்ம தமிழ் மக்களுக்கே நடந்திருக்கு.

1542-லே பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழிலே ஆக்கினார். அப்புறம் கையிலே ஒரு மணி! தெருத்தெருவா அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். மனப்பாடம் பண்ண வைத்தார். "வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுங்க" என்று அனுப்பினார். ஊருக்கு ஊர் ஓர் உபதேசியாரையும் வைத்துவிட்டுப் போனார். மன்னார், யாழ்ப்பாணம் பக்கமும் இந்தப் போதனை கடல் தாண்டிப் போனது.

1658-லே டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சாங்க. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருத்தரை வீட்டிலே ஒளித்து வைத்தால் மரண தண்டனை. தேவாலயங்கள் கைமாறின. பூசை இல்லை, பவனி இல்லை, கொடி இல்லை. எதிரணி நண்பர் சொன்ன அத்தனையும் போச்சு! அப்படியே 29 வருஷம். ஒரு தலைமுறை, நடுவர் அவர்களே! 1658-லே தொட்டிலிலே கிடந்த குழந்தை, 1687-லே தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற காலம்.

அந்த 1687-லேதான் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் வந்தார். கூலியாள் வேஷம். கழுத்திலே ஒரு ஜெபமாலை. பிச்சைக்காரர் மாதிரி வீடு வீடாகப் போய் நின்றார். எதற்கு? ஜெபமாலையைப் பார்த்ததும் எந்த வீட்டிலே கண் மலருதுன்னு பார்க்க! மலர்ந்தது ஐயா! யாழ்ப்பாணத்திலே, சில்லாலையிலே, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவரை அடையாளம் கண்டன. அதிலிருந்து இலங்கைத் திருச்சபை மறுபடி எழுந்தது. அந்த வாஸ் அடிகளாருக்குத்தான் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பிலே போப்பாண்டவர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். (கைதட்டல்)

உடனே எதிரணி கேட்கும், "ஜெபமாலை உருட்டுறது பழக்கம்தானே?" என்று. இல்லை நண்பரே. அதிலே ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு தேவ இரகசியம். இயேசு பிறந்தது, பாடுபட்டது, உயிர்த்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் கையிலே உருளுகிற வேதபாடம் அது!

இதே கதை ஜப்பானிலும் நடந்தது. 1614-லே அங்கே கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1865-லே நாகசாகியிலே புதுசாக் கட்டின கோவிலுக்குள்ளே சில குடியானவர்கள் வந்து, "உங்க நெஞ்சும் எங்க நெஞ்சும் ஒண்ணுதான்" என்ற பொருளிலே குருவானவரிடம் பேசினாங்க. 200 வருஷத்துக்கு மேலே ஒளிந்திருந்த கூட்டம்! ஞானஸ்நானம் கொடுக்கவும், ஜெபம் சொல்லிக் கொடுக்கவும் ஊருக்குள்ளேயே ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருச்சபையோடு திரும்பச் சேராமல் தனியாகவே இருந்துவிட்ட சிலர், அந்தப் பழைய லத்தீன் ஜெபங்களை ஓசை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வார்த்தைக்குப் பொருள் கரைந்து போச்சு. பழக்கம் ஓசையைத்தான் காப்பாற்றும். பொருளைக் காப்பாற்ற, சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்.

ஜப்பான் வரைக்கும் போவானேன்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற ஒரு பையனை நிறுத்தி, "தம்பி, ஆமென்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்க. "பாட்டு முடிஞ்சிடுச்சு, உட்காரலாம்னு அர்த்தம்" என்பான்! (பலத்த சிரிப்பு) சிரிக்கிறோம். அவன் மேலே தப்பில்லை. பழக்கம் அவனுக்கு அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கு. 'அப்படியே ஆகக்கடவது' என்று கடவுளுக்கு முன்னாலே கையெழுத்துப் போடுகிற வார்த்தை அது என்று யார் சொல்லியிருக்கணும்? நாம!

1947 செப்டம்பர் 27-லே சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலே தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-லே அதன் திருவிருந்து முறைமை வெளிவந்தது. அதிலே சமாதானம் பகிர்வது என்று ஒன்று உண்டு. பீடத்திலிருந்து தொடங்கி, கைக்குள் கை வைத்து, ஆள் ஆளாகச் சபை முழுக்க வரும். உலகத் திருச்சபைகளே மதித்துப் பார்த்த வழக்கம். ஏன் அதைத் திருவிருந்துக்கு முன்னாலே வைத்தார்கள்? மத்தேயு 5-ஆம் அதிகாரத்திலே இயேசு சொல்கிறார், காணிக்கை செலுத்த வந்த இடத்திலே சகோதரனோடு மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலிலே சமாதானம் ஆகு என்று. இது தெரிந்தவனுக்கு அந்தக் கை நெருப்பு! வரப்புத் தகராறிலே பேசாத அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்து பெஞ்சிலே உட்கார்ந்திருந்தால், அந்தக் கை வந்து தொடுகிறபோது கண் கலங்கும். தெரியாதவனுக்கு? கல்யாண வீட்டிலே கைகுலுக்கற மாதிரி, "நல்லாருக்கீங்களா, பையன் எந்த காலேஜ்?" (சிரிப்பு) அதே வழக்கம்தான். ஆனால் அதுக்குள்ளே உயிர் இருக்கா?

சரி, பாட்டுக்கு வருகிறேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-லே திருநெல்வேலியிலே பிறந்து 1864-லே மறைந்தவர். இன்றைக்கும் நம்ம சபைகளிலே அவர் கீர்த்தனை இல்லாமல் ஆராதனை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரை வளர்த்தது யார்? சுவார்ட்ஸ் ஐயர். அவர் வேதம் படித்தது எங்கே? தரங்கம்பாடியிலே. 1714-லே சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே அச்சுக்குக் கொடுக்க ஆரம்பித்தாரே, அந்தத் தரங்கம்பாடி! வேதம் முதலிலே உள்ளே போச்சு. அப்புறம்தான் 'பெத்தலேகம் குறவஞ்சி' வெளியே வந்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? முதலிலே பாவு பூட்டணும். அப்புறம்தான் ஊடை ஓடும். கடையிலே புடவையைப் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியறது ஜரிகை, கரை, முந்தானை. பாவை யாரும் பாராட்ட மாட்டாங்க. ஆனா பாவு இல்லாத தறியிலே நாடாவை வீசிப் பாருங்க! தரையிலேதான் விழும். பாட்டு ஜரிகை. பழக்கம் கரை. வேத போதனை பாவு! (பலத்த கைதட்டல்)

கடைசியா ஒன்று. பழக்கம் எல்லாவற்றையும்தான் காப்பாற்றும். நல்லதையும் காப்பாற்றும், அழுக்கையும் சேர்த்துக் காப்பாற்றும். நம்ம தேவாலயங்களிலே சாதிக்கொரு இடம் என்று உட்கார்ந்த காலம் இருந்தது. கேட்டால், 'அது மரபு' என்றார்கள். நாம் தலை வணங்குகிற சாஸ்திரியார்கூட அந்த விஷயத்திலே பழைய பக்கம்தான் நின்றார். 1833-லே பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள்ளே சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். பலபேர் சபையை விட்டே போனார்கள். யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதமே கிறிஸ்துவுக்குள் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிவிட்டாரே! அதைத் திறந்து வைத்தால் அந்தச் சுவர் நிற்குமா? இன்றைக்கும் சில கல்லறைத் தோட்டங்களிலே செத்தவர்களுக்கு நடுவிலே சுவர் நிற்கிறது என்றால், அங்கே பாட்டு இல்லையா? இருக்கு. பழக்கம் இல்லையா? அதுதான் நிறைய இருக்கு! இல்லாதது போதனை. (கைதட்டல்)

வேதத்திலே யோசியா ராஜா கதை வரும். எருசலேம் தேவாலயத்தைப் பழுது பார்க்கிறார்கள். கோவில் இருக்கிறது, ஆசாரியர் இருக்கிறார், காணிக்கைப் பெட்டி நிறையவே இருக்கிறது. வேலையின் நடுவிலே இல்க்கியா என்ற ஆசாரியர், "நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டுபிடித்தேன்" என்று கொண்டு வருகிறார். யோசித்துப் பாருங்க. எங்கே தொலைந்திருந்தது? கோவிலுக்குள்ளேயே! வாசிக்கக் கேட்ட ராஜா தன் உடையைக் கிழித்துக்கொண்டு அழுதார். அதற்கப்புறம்தான் எதைக் காக்கணும், எதை நீக்கணும் என்று அவருக்குத் தெரிந்தது. கோவில் இருந்தும் புத்தகம் தொலைந்தால் வழிபாடு வழி தவறும். யாழ்ப்பாணத்திலே கோவில் போனது, போதனை இருந்தது, வழிபாடு பிழைத்தது. இந்த ரெண்டையும் தராசிலே வைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே!

தாய்மார்களே, பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ராத்திரி குடும்ப ஜெபத்திலே ஒரு கீர்த்தனை பாடுறீங்களா? பாடுங்க. பாடி முடித்ததும் பத்து நிமிஷம், அதிலே ஒரே ஒரு அடிக்குப் பிள்ளையிடம் பொருள் சொல்லுங்க. அது வேதத்திலே எங்கே வருதுன்னு அவன் கையாலேயே புரட்ட வையுங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை துபாயிலோ அமெரிக்காவிலோ, கோவில் மணி கேட்காத ஊரிலே தனியாக இருப்பான். நீங்க கட்டின கோவிலை அவன் பெட்டியிலே எடுத்துக்கொண்டு போக முடியாது. நீங்க சொல்லிக் கொடுத்ததைக் கொண்டு போவான்.

பாட்டு இனிக்கும், பழக்கம் தாங்கும், ஆனால் காப்பது வேத போதனையே! நல்ல தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)