வயது ஏறாத இளைஞன்



அறுபதுகளின் பிற்கூற்றில் ஐரோப்பிய நெறியாளர்கள் பலர் கூடி, ஆளுக்கொரு பகுதியாக அரசியற் படங்களை எடுத்தார்கள். கிறிஸ் மார்க்கர் 1967இல் ஒருங்கிணைத்த ‘வியட்நாமிலிருந்து தொலைவில்’ அத்தகையது. யுத்தம் எங்கோ நடக்க, தாம் பாரிஸில் இருப்பது கோதார் போன்றோரை உறுத்தியது.

மிருணாள் சென்னுக்கு அந்தத் தொலைவு இல்லை. 1972இல் வந்த அவரது ‘கல்கத்தா 71’ வங்கக் கதைகள் சிலவற்றைக் கோத்த படம். முதற்கதை மாணிக் பந்தோபாத்யாயாவினுடையது, காலம் 1933. மழை இரவு. குடிசை ஒழுகுகிறது. ஒரு குடும்பம் ஒதுங்க இடம்தேடி வெளியேறுகிறது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட எங்கள் படுவான்கரையாருக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. பழுகாமத்துக் கிழவி ஒருத்தி பார்த்தால், “இது நம்மட கதைதானே” என்பாள்.

அடுத்து 1943 பஞ்சத்தில் மானமிழக்கும் நடுத்தரக் குடும்பம். பின்பு, 1953இல் ரயிலில் அரிசி கடத்தும் சிறுவன். அவனுடைய துடுக்கு எனக்கு மிகப் பிடித்தது. செல்வந்தரின் விருந்தைக் காட்டும் இறுதிப்பகுதிதான் சறுக்கல். கேலி மிகுந்து சுலோகமாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் இணைப்பவன் சுட்டுக்கொல்லப்பட்ட ஓர் இளைஞன். நக்சல்பாரிக் காலம் அது. அதே 1971 ஏப்ரலில் நமது நாட்டின் தெற்கிலும் இளைஞர்கள் ஆயுதமேந்தி மடிந்தார்கள். கதைக்குக் கதை ஆண்டுகள் ஏறுகின்றன. அவனோ ஆயிரம் ஆண்டுகளாக இருபது வயதிலேயே நிற்கிறான்.

பழுகாமத்தில் சில வீட்டுச் சுவர்களிலும் அப்படி வயது ஏறாத படங்கள் தொங்குகின்றன. மாலை போட்டு, விளக்கு வைத்திருக்கிறார்கள்.