தொண்டும் தொழிலும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)

  

கடன், வட்டி, எரு, விதை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஊர்ப் பொதுக்காரியம் என்றால் முதலில் ஓடுகின்ற மகனையோ மகளையோ பார்த்து, "இதனால் உனக்குச் சோறு கிடைக்குமா?" என்று கேளாத வீடு நம் பக்கத்தில் அரிது. அக்கேள்வியை நான் குறை கூறவில்லை. உழுது உண்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வியே அது. அதற்கு உள்ளதை உள்ளபடி விடை கூறுவதே என் நோக்கம்.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணை பெருகி நம் ஜில்லாவின் பல ஊர்களைச் சூழ்ந்தது. இத்தகைய காலங்களில் முதல் நாள் உதவிக்கு வருவோர் பலர். சோற்றுப் பொட்டலமும் பழைய துணியும் வந்து குவியும். ஐந்தாம் நாள் வருவோர் மிகச் சிலர். ஆனால் ஐந்தாம் நாளில்தான் கடினமான கேள்விகள் எழுகின்றன. எந்த வீட்டின் ரேஷன் கார்டு வெள்ளத்தில் போயிற்று? எந்தக் கிழவிக்குச் சர்க்கரை நோய் மருந்து தீர்ந்துவிட்டது? நஷ்டக் கணக்கில் பெயர் விட்டுப்போன குத்தகைக்காரர் யார்? இவற்றை வீடு வீடாகக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, உரிய இடத்திற்குக் கொண்டுபோய், விடை வரும்வரை விடாமல் நிற்பவர் ஒருவர் வேண்டும். இரக்கம் முதல் நாளுக்குப் போதும். ஐந்தாம் நாளுக்கு முறை தெரிந்திருக்கவேண்டும். அந்த முறையைக் கற்று அதையே வாழ்க்கைப் பணியாகக் கொள்வதைத்தான் இக்காலத்தில் சமூகப் பணி என்று கூறுகின்றனர்.

நம் ஜில்லாவிலேயே இதற்குத் தக்க உதாரணம் உண்டு. கொரோனா நோயினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்தபின், 2021-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை அமர்த்தி, மறந்துபோன எழுத்தையும் கணக்கையும் மீண்டும் கற்பிப்பதே அதன் வேலை. மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 2 லட்சம் தொண்டர்கள் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ரூ. 1,000 ஊக்கத்தொகையாக அளிக்கப்பட்டது. பேராசிரியர் கார்த்திக் முரளிதரன் முதலானோர் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததென்றும், அம்மீட்சியில் சுமார் கால் பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்ததென்றும் அவர்கள் கண்டனர்.

அத்தொண்டர்களுள் ஒரு பெண்ணை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவளிடம் இருபது பிள்ளைகள். ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை. வராதவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு அவள் இருந்துவிடலாம். அப்படியின்றி அவன் வீட்டுக்குப் போகிறாள். தாயும் தகப்பனும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள். பையன் தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கிறான். இப்போது அவள் முன் நிற்பது கணக்குப் பாடமன்று. பாட்டியிடம் பேசவேண்டும், தலைமை ஆசிரியரைக் காணவேண்டும், அங்கன்வாடியில் தங்கையைச் சேர்க்க வழி தேடவேண்டும், அந்த முன்பணக் கடனைப் பற்றியும் விசாரிக்கவேண்டும். "ஏன் வரவில்லை?" என்று அவள் கேட்ட அந்த நாளே அவளுடைய சமூகப் பணியின் முதற்பாடம்.

இவ்விதம் தொண்டில் தொடங்கியவர்கள் தொழிலுக்கு வழி வகுத்த வரலாறு நம் நாட்டில் உண்டு. பம்பாயில் நாக்பாடா என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் ஊழியம் செய்துவந்த கிளிபர்டு மான்ஷார்டு என்பவரே, 1936-ல் அந்நகரில் தோன்றிய டாட்டா சமூகப் பணிப் பள்ளியின் முதல் தலைவரானார். நம் நாட்டில் இத்தொழிலுக்கென ஏற்பட்ட முதற் பள்ளி அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1935-ல் கணவரை இழந்தபின் "கில்டு ஆப் சர்வீஸ்" என்னும் சேவைச் சங்கத்தின் வேலையில் முழுமனத்துடன் இறங்கினார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள், யுத்த காலத்தில் போர்வீரர்களுக்கு உபசரணை எனப் பல காரியங்களைச் சம்பளமின்றி நடத்தினார். அத்தகைய அம்மையார்தாம் 1952-ல் சென்னை சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். நல்ல மனம் மட்டும் போதுமென்று அவர் கருதியிருந்தால் பள்ளிக்கு அவசியம் ஏற்பட்டிராது. திண்டுக்கல்லுக்கு அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமமும் கிராம ஊழியத்திலிருந்து வளர்ந்து பல்கலைக்கழக நிலையை அடைந்ததே. நம் திண்டிவனத்திலும், கல்லூரிப் பேராசிரியராயிருந்த பிரபா கல்விமணி அவர்கள் இருளர் மக்களின் துயரங்களைத் தம் காரியமாக எடுத்துக்கொண்டு, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வளர்த்ததை நீங்கள் அறிவீர்கள்.

இனி, சோற்றைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மாதம் ரூ. 1,000 ஊக்கத்தொகை சம்பளமாகாது. தொண்டு செய்தால் சர்க்கார் உத்தியோகம் தானே வரும் என்று சொல்பவரை நம்பவேண்டாம். அதற்காகப் பணம் கேட்பவரை வாசற்படி ஏறவிடவேண்டாம். தொண்டு வேலைக்குச் சீட்டன்று. ஆனால் இந்தத் தொழில் தனக்கு ஏற்றதா என்று ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள அதைவிடச் சிறந்த வழி இல்லை. சோதனையில் நின்றவர்கள் அடுத்தபடியாகப் படிக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் சமூகப் பணியில் மூன்று வருஷப் பட்டப் படிப்பு உண்டு. வேறு பட்டம் பெற்றவரும் இரண்டு வருஷத்து எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் சேரலாம். அப்படிப்பில் ஏட்டுப் பாடத்தோடு களப்பணியும் கட்டாயம். ஊரில் ஏற்கெனவே வீடு வீடாக நடந்தவருக்கு அக்களம் புதிதாயிராது.

படித்தவர்க்கு இடங்கள் உண்டு. ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் குடும்ப நிலையை விசாரித்து உதவுவோர், ஜில்லாக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகங்களில் வேலை செய்வோர், துன்புற்ற பெண்களுக்கான உதவி மையங்களில் ஆலோசனை கூறுவோர், தொண்டு நிறுவனங்களில் கிராம வேலை பார்ப்போர் ஆகியோர் இத்தொழிலினரே. தொழிற்சாலைகளில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் நலன் அதிகாரி இருக்கவேண்டுமென்று 1948-ம் வருஷத்துச் சட்டமே விதித்தது. இவற்றுள் பல ஒப்பந்த வேலைகள், சம்பளமும் பெரிதன்று. இதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நன்மையாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிறுவர் நீதி பற்றிய 2015-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த சிறார் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூக சேவகர்கள் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் பெண்ணாயிருக்கவேண்டும். குழந்தைகளின் கல்வி, சுகாதாரம், நலன் ஆகியவற்றில் ஏழு வருஷமாவது ஊக்கத்துடன் உழைத்திருப்பதை அச்சட்டம் ஒரு தகுதியாக ஏற்கிறது. தொண்டைச் சட்டமே மதிக்கிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் ஏழு வருஷம் உழைத்ததை எவ்விதம் நிரூபிப்பது? நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். செய்த வேலைக்குக் குறிப்பு இல்லை, தேதி இல்லை, பொறுப்புள்ளவர் கையெழுத்து இல்லை.

இங்கேதான் கூட்டுறவு சங்கம் துணை நிற்கவேண்டும். பேரேடும் ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாயையும் நகர்த்தாதவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இப்பிள்ளைகளுக்கும் கொடுப்போம். முதலாவது, பொது வேலையில் இறங்கும் ஒவ்வொருவரையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன தேதி, எந்த வேலை, எத்தனை மணி, என்ன முடிவு என்று எழுதச் செய்யுங்கள். ஆனால் பிறர் வீட்டுத் துயரத்தை அதில் எழுதினால் அதை ஊரறியச் செய்யலாகாது என்றும் கற்பியுங்கள். இரண்டாவது, வருஷத்திற்கொருமுறை சங்கச் செயலாளர் அக்குறிப்பைப் பார்வையிட்டு, உண்மையான அத்தாட்சிக் கடிதம் அளிக்கட்டும். செய்யாத வேலைக்கு ஒரு வரியும் எழுதவேண்டாம். மூன்றாவது, சட்டமும் துணை விதிகளும் இடந்தருமளவில், பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து ஏழைப் பிள்ளை ஒருவருக்குப் படிப்புதவி அளிக்க முடியுமா என்று மகாசபையில் ஆலோசியுங்கள். நான்காவது, பெண் பிள்ளைகள் மாலையில் வெளியே போய்வரத் துணையும் வெளிச்சமும் ஏற்பாடு செய்யுங்கள். தொண்டு செய்யும் பெண்ணைத் தடுப்பது பல வீடுகளில் மனமின்மையன்று, பயமே.

திண்டிவனத்து மணிலாக் கொட்டைக்குப் பேர் உண்டு. விதைக்கென்று எடுத்து வைத்த கொட்டையை நாம் வறுத்துத் தின்பதில்லை. மூட்டையிலேயே கிடந்து சொத்தையாகவும் விடுவதில்லை. தக்க பருவத்தில் தக்க நிலத்தில் இடுகிறோம். ஊருக்கு உழைக்கும் பிள்ளையின் மனமும் அத்தகைய விதையே. இலவச வேலையென்று அதை நாம் தின்று தீர்க்கவும் கூடாது. வீண் வேலையென்று கெடவிடவும் கூடாது. அடுத்த முறை உங்கள் மகள், "ஊர்க் காரியம், போய்வருகிறேன்" என்று கிளம்பும்போது, "சோறு கிடைக்குமா?" என்று கேட்பதற்கு முன், "நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டாயா?" என்று கேளுங்கள்.