பின்சந்துக்குக் கொடுத்த காசு

சிங்கப்பூரின் தேக்காவில் கடைவீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்துகளைப் பார்த்திருப்பீர்கள். இப்படிச் சந்து வெட்டுவது ஒரு காலத்தில் இந்த ஊருக்கு எழுதித் தந்த மருந்துச்சீட்டு!

1906-ல் சிங்கப்பூருக்கு வந்தார் பேராசிரியர் சிம்சன். முன்பு கல்கத்தாவில் சுகாதார அதிகாரி. காசநோய் மலிந்திருந்த காலம். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், பலகை அடைத்த அறைகள், சன்னலே கிடையாது. மலவாளியைக்கூட வீட்டுக்குள்ளாகத்தான் தூக்கிப் போக வேண்டும். மருந்து என்ன செய்யும், பாவம்! காற்றும் வெளிச்சமும் புகப் பின்சந்து வெட்டுங்கள் என்றது அவருடைய 1907 அறிக்கை. இடித்தால் இழப்பீடு தரவேண்டுமே, வேலை நத்தையாய் நகர்ந்தது. மருத்துவமனை கட்டினால் பெயர் பொறிக்கலாம். சந்தில் எங்கே பொறிப்பது? இத்தகைய வேலைகளுக்கென 1927-ல்தான் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. மலவாளி முற்றாக ஒழிய 1987 ஆயிற்று.

நோய் வருமுன் காக்கக் காசு கொடுப்பது இன்றும் தொடர்கிறது. 2023-ல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ நோய்த்தடுப்புத் திட்டத்தில், பதிந்துகொண்டவர்களைக் கவனிக்க மருந்தகங்களுக்கு அரசு ஆண்டுக் கட்டணம் தருகிறது. மாத்திரையோடு, அக்கம்பக்கத்து உடற்பயிற்சி வகுப்பையும் மருத்துவர் பரிந்துரைக்கலாம். தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகளே, கேட்டுப் பாருங்கள்.