தொழிலாளரும் நஷ்ட ஈடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில் சட்டம் பேச வந்தமைக்குப் பொறுத்தருள்க. நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றே என்னைப் பேசத் தூண்டியது.

நாற்பது வயதுடைய அன்பர் ஒருவர், ஒப்பந்தக்காரரின் ஆளாக ஒரு தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரம் ஓட்டி வந்தார். மாத ஊதியம் 12,000 ரூபாய். ஒருநாள் அவருடைய வலக்கைப் பெருவிரல் இயந்திரத்திற் சிக்கி அற்றுப்போயிற்று. மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் பழக்கூடையோடும் 15,000 ரூபாயோடும் மருத்துவமனைக்கு வந்தார். ஒரு தாளையும் நீட்டினார். இனி எதுவும் கோரேன் என்று அதில் இந்தியில் எழுதியிருந்தது. அன்பருக்கு இந்தி பேச வருமேயன்றிப் படிக்க வராது. எஞ்சியிருந்த இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றிக் கொடுத்துவிட்டார். எட்டுத் திங்கள் கழித்தே எனக்குச் செய்தி தெரிந்தது.

“என் கவனக்குறைவுதானே ஐயா! முதலாளிக்கு நான் யார்? கைநாட்டும் வைத்துவிட்டேனே!” என்றார் அவர். இம்மூன்று எண்ணமும் பிழையானவை.

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பெற்று, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் இன்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது.

முதலாவது, வேலையின் காரணமாக வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே கேள்வி. கவனம் பிசகியது உரிமையைப் போக்காது. குடிமயக்கமோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதோ காரணமாயின் உரிமை இல்லை. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அப்போதும் உண்டு.

இரண்டாவது, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் தொழிற்சாலை முதலாளி பொறுப்பாவார். கொடுத்ததை அவர் ஒப்பந்தக்காரரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, சட்டம் தந்த உரிமையைக் கைவிடுவதாக எழுதித் தரும் தாள் செல்லாது.

நஷ்ட ஈட்டிற்குக் கணக்கும் உண்டு. முழு ஊனத்திற்கு மாத ஊதியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அவ்வெண் 184.17. பெருவிரல் இழப்பு நூற்றுக்கு முப்பது ஊனம் என்பது சட்டத்தின் அட்டவணை. கூட்டிப் பார்த்தால் நம் அன்பருக்கு உரியது ஏறத்தாழ 3,97,800 ரூபாய். அவர் பெற்றதோ 15,000!

இ.எஸ்.ஐ. காப்பீடு உடையவர் இப்பயனை முதலாளியிடம் அன்று, அக்கழகத்திடமே கோர வேண்டும். ஏனையோர் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம், விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம். அதனை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

ஊர்விட்டு வந்த நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, கோருபவர் வாழும் ஊரிலும் விண்ணப்பிக்கலாம். கணவனை இழந்து திருநெல்வேலிக்குத் திரும்பிய பெண், வழக்குக்காக ஆயிரம் கல் தொலைவு ரயிலேறி வரவேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களே, விபத்து நேர்ந்தால் எழுத்தில் அறிவியுங்கள். மருத்துவச் சீட்டு, சம்பளச் சீட்டு, உடன் வேலை செய்தோர் பெயர் ஆகியவற்றைக் காத்து வையுங்கள். படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வையாதீர்கள். சங்கத்தில் இந்தி கற்ற இளைஞர் பலர் உளர். மருத்துவமனைக்கு நம்மில் ஒருவர் உடன் செல்வோமாக.

நம் அன்பரின் விண்ணப்பம் இப்பொழுது அதிகாரியின் முன் உள்ளது. அவர் கேட்பது பிச்சையன்று; உழைத்த கைக்கு உரிய பங்கு.